பதிவேட்டில் பிழைக்கும் ஓர் இடம் வேண்டும்

நம் கணிப்பொறி ஆய்வகத்தின் செய்முறைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்று ஐந்து தலைப்புகள் இருக்கும். ஒவ்வொரு பயிற்சியின் அடியிலும் 'நிரல் சரியாக இயங்கிற்று' என்ற ஒரே வாக்கியம். வகுப்பிலுள்ள அத்தனை பதிவேடுகளிலும், ஒருவரேனும் ஒரு தவறு செய்ததாகச் சான்று இல்லை. ஆய்வகத்தில் நடப்பது அதுதானா?

நண்பர்களே, உண்மையை நாம் அறிவோம். பிழை வந்ததும் பக்கத்து நண்பனின் திரையைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறோம்; வெளியீடு வந்தால் போதுமென்று எழுந்துவிடுகிறோம். எங்கே தவறினோம் என்பதை அறியும் வாய்ப்பு அத்துடன் போயிற்று.

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளில் பிழை காண்பதற்கென்றே ஜி.டி.பி. என்னும் டீபக்கர் உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1986-இல் உருவாக்கியது. ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி, எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறதென்று காட்டும். விலை இல்லை, அதன் மூல நிரலையும் யாரும் பெறலாம்.

சென்ற விடுமுறையில் கேளம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்த பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸை ஏற்றினேன். ஜி.டி.பி. அதில் ஒரே கட்டளையில் ஆயத்தமாகக் கிடைக்கும். ஆயினும், மூல நிரலிலிருந்து நானே கட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். 'கன்ஃபிகர்' கட்டளை பாதியில் நின்று, ஜி.எம்.பி., எம்.பி.எஃப்.ஆர். என்ற இரு நூலகங்கள் வேண்டும் என்றது. அவைதாம் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று ஒரு மாலை முழுவதும் குழம்பினேன். பிறகுதான் புரிந்தது: இயங்குவதற்கான நூலகம் வேறு, அதைக்கொண்டு இன்னொன்றைக் கட்டுவதற்கான தலைப்புக் கோப்புகள் வேறு. அவை 'டெவ்' என்று முடியும் தனிப் பொதிகளில் இருந்தன.

அடுத்து 'மேக்' நின்றது. கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், பயனில்லை. வேலை நின்றுவிட்டது என்பதை மட்டுமே கடைசி வரி சொல்லும். காரணமோ பல வரிகள் மேலே, முதலில் தோன்றிய பிழையில் இருந்தது: 'மேக்இன்ஃபோ' இல்லை. டெக்ஸ்இன்ஃபோ பொதியை ஏற்றியதும் வேலை முடிந்தது.

கட்டி முடித்த கருவியிடம் என் நிரலைக் கொடுத்தேன். பிழை காண்பதற்கான குறியீடுகள் அதில் இல்லை என்றது. தொகுக்கும்போது 'ஜி' என்னும் குறியைச் சேர்த்தால்தான் வரி எண்களும் மாறிகளின் பெயர்களும் கோப்பில் பதியும். அவ்வாறே செய்து ஓட்டினேன். 'செக்மென்டேஷன் ஃபால்ட்' நேர்ந்த இடத்தில் நின்றது. 'பேக்டிரேஸ்' என்றதும், எந்தச் சார்பு எதை அழைத்தது என வரிசையாகக் காட்டி, என் நிரலின் 14-ஆம் வரிக்குக் கொண்டுவந்தது. அங்கே, ஸ்கேன்எஃப் சார்பில் மாறிக்கு முன் இட வேண்டிய முகவரிக் குறியை விட்டிருந்தேன். ஒரே ஒரு குறி! இனி அதை மறவேன்.

நம்மில் பலர், கல்லூரிப் படியேறும் முதல் தலைமுறையினர். இரவு பத்து மணிக்கு ஐயம் வந்தால் வீட்டில் கேட்க ஆளில்லை. ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வந்ததும், கணிப்பொறி நம்மைத் திட்டுவதாக எண்ணித் திரையை மூடிவிடுகிறோம். அது திட்டு அன்று, வழிகாட்டல். அகராதியை வைத்துக்கொண்டேனும் அதைப் படிக்க வேண்டும். கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் விடை வருமே என்பார்கள். வரும், ஆனால் எது பிழை என்று எடுத்துச் சொல்லத் தெரியாதவன் எதைக் கேட்பான்?

1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், மார்க் 2 கணிப்பொறியின் ரிலே ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அங்கிருந்தோர் அந்தப் பூச்சியைத் தங்கள் பதிவேட்டிலேயே ஒட்டிக் குறிப்பும் எழுதினர். அப்பக்கம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவர்கள் பிழையைப் பதிவேட்டில் ஒட்டினார்கள். நாம் பதிவேட்டிலிருந்து கிழித்து எறிகிறோம்.

நேரம் போதாது, பாடத்திட்டம் பெரிது என்று பேராசிரியப் பெருமக்கள் கூறக்கூடும். அது மெய்யே. ஆதலின் நான் வேண்டுவது சிறிது: ஒவ்வொரு பயிற்சிக்கும் 'நேர்ந்த பிழையும் கண்ட காரணமும்' என்று ஒரே ஒரு பக்கம், அதற்குச் சில மதிப்பெண்கள், ஆண்டின் முதல் செய்முறை வகுப்பில் டீபக்கர் பயிற்சி. நாளை சிறுசேரி மென்பொருள் பூங்காவில் வேலைக்குச் சென்றால், பிறர் எழுதிய நிரலில் பிழை தேடும் பணியே நமக்கு முதலில் வாய்க்கலாம். 'சரியாக இயங்கிற்று' என்று எழுதி மட்டுமே பழகிய கை அங்கே என்ன செய்யும்?

தவறியதை மறைக்காமல் எழுதும் துணிவை நம் பதிவேடு நமக்குக் கற்பிக்கட்டும்.