ரங்கூன் கணக்கில் நின்றுபோன பற்று

புதுக்கோட்டைச் சீமையின் திருமயம் வட்டத்தில் ஒரு நகரத்தார் ஊர். முகப்பில் ஏறிப் பின்கட்டு வழியாக இறங்கினால் அடுத்த தெருவில் கால் வைக்கலாம் என்னும்படி நீண்டு கிடக்கிற வீடு. வளவைச் சுற்றி நிற்கும் தூண்கள் அத்தனையும் பர்மாத் தேக்கு. அந்த வீட்டில் தனியாக இருந்துவரும் ஆச்சி, சென்ற தை மாதம் நான் போயிருந்த சமயம், உள்ளறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். அதற்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பத்திரக் கட்டு இருந்தது. சில பத்திரங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மற்றவற்றில் வட்டம் வட்டமாகப் பர்மிய எழுத்து, வாசித்துச் சொல்ல அந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை. பெகு ஜில்லாவில் நெல் விளையும் பூமி. ஏக்கர் கணக்கும் நான்கு எல்லையும் பிசகில்லாமல் எழுதப்பட்டிருக்கின்றன. “இதெல்லாம் இனிமேல் எதுக்கு ஆச்சி?” என்று கேட்டேன். “கெடக்கட்டும் தம்பி. காயிதந்தானே, சோறா கேக்குது?” என்றார்.

ஒரு தேசம் தான் சேர்ந்திருந்த அரசியல் கூட்டிலிருந்து விலகினால் என்ன நேரும் என்ற விசாரம் உலகத்தில் ஓய்வதே இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுவிட வேண்டுமென்று 2016 ஜூன் 23இல் வாக்களித்து, 2020 ஜனவரி 31இல் விலகியது. 2014இல் பிரிட்டனுடனேயே இருப்பதென்று தீர்மானித்த ஸ்காட்லாந்திலோ அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை. நாணயம் என்னவாகும், சுங்கம் என்னவாகும், சாமான் விலை எத்தனை சதவீதம் ஏறும் என்று நிபுணர்கள் கணக்குப் போடுகிறார்கள். நாமும் இதெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டுப் பாகப்பிரிவினை என்ற பாவனையில் பத்திரிகையைப் புரட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் புதுக்கோட்டைச் சீமைக்கு இது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமன்று, பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. இராயவரம், அரிமளம், இராங்கியம், பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி முதலிய ஊர்களில் இன்று பூட்டிக் கிடக்கும் வீடுகளில் பலவற்றுக்கு அந்தத் தேதியிலேதான் பூட்டுச் செய்யத் தொடங்கினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் சேர்க்கையே நியாயமாக ஏற்பட்டதில்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். 1826, 1852, 1885 என்று மூன்று தடவையாகப் பர்மாவைப் பிடித்த ஆங்கிலேயர், அந்த மக்களில் ஒருவரையும் கேளாமல், நிர்வாக வசதியை உத்தேசித்து அதை இந்தியாவின் ஒரு மாகாணமாக ஒட்டவைத்தார்கள். வயல் திருத்தப் பணம் தேவைப்பட்ட அந்தப் புது நாட்டுக்குச் செட்டிநாட்டு நகரத்தார் லேவாதேவிக்குப் போனார்கள். ரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளில் பாய் விரித்து, கணக்குப் பெட்டியின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்த அவர்களுக்கு, 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு எடுத்த கணக்குப்படி, அந்நாடெங்கும் ஏறக்குறைய 1,650 கடைகளும் 75 கோடி ரூபாய் மூலதனமும் இருந்தன. 1931 ஜனத்தொகைக் கணக்கில் பர்மாவிலிருந்த இந்தியர் பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்து நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அவர்களே. தன் தலைநகரத்திலேயே தன் பாஷை சிறுபான்மைப் பாஷையாகிவிட்டதைக் காணும் ஜனங்களின் மனநிலையை ஊகிப்பதற்கு விசேஷமான ஞானம் தேவையில்லை. போதாக்குறைக்கு 1930இல் நெல் விலை விழுந்தது. வாங்கிய கடனைக் கட்ட முடியாத குடியானவன் நிலத்தை விட்டுக்கொடுத்தான். நெல் விளையும் பதின்மூன்று முக்கிய ஜில்லாக்களில் செட்டியார்கள் கையிலிருந்த சாகுபடி நிலம், 1930இல் நூற்றுக்கு ஆறாக இருந்தது, 1938இல் இருபத்தைந்தாயிற்று. நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, ரொக்கந்தான் கேட்டார்கள் என்பது உண்மையே. ஆனாலும் தன் வயலில் தானே குத்தகைக்காரனாகிவிட்ட பர்மியனுக்கு அந்த நுட்பம் என்ன ஆறுதலைத் தந்திருக்கும்?

பிரிவதா, சேர்ந்திருப்பதா என்ற கேள்வி 1932ஆம் ஆண்டின் இறுதியில் பர்மாவில் தேர்தலாகவே நடந்தது என்பதை இன்று நம்மில் அநேகர் மறந்துவிட்டோம். பிரிந்துபோனால் இந்தியாவுக்குக் கிடைக்கவிருக்கும் அரசியல் உரிமைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று சந்தேகித்த பா மாவும் ஊ சிட் ஹ்லைங்கும் பிரிவினை எதிர்ப்பாளர்களை நடத்திச் சென்றார்கள். 42 இடங்களை அவர்கள் பிடிக்க, பிரிவினைக் கட்சிக்கு 29தான் கிடைத்தது. ஆனால் ஜெயித்தவர்கள் கேட்டதோ, இப்போதைக்குச் சேர்ந்திருக்கிறோம், வேண்டும்போது விலகிக்கொள்ளும் உரிமையையும் எழுதிக் கொடுங்கள் என்பது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கும் வழக்கம் எங்கள் கூட்டரசில் கிடையாது என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. சட்டசபையோ இதையும் வேண்டாமென்று அதையும் வேண்டாமென்று சொல்லிப் பேச்சை வளர்த்துக்கொண்டிருக்க, லண்டன் தானே முடிவு செய்து, 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவினையை எழுதிவிட்டது. முதலில் எதிர்த்த அதே பா மாதான் பிரிந்த பர்மாவின் முதல் பிரதம மந்திரி.

இனி அந்த ஏப்ரல் முதல் தேதிக்கு வருவோம். நான் நெடுநாள் யோசித்த விஷயம் இதுவே: அன்றைக்கு எதுவுமே நடக்கவில்லை. ரூபாய் ரூபாயாகவே இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கும் மத்திய வங்கியாக நீடித்து, இந்திய நோட்டின் மேலேயே ‘பர்மாவில் மட்டும் செல்லுபடியாகும்’ என்ற ஒரு வரியை அச்சடித்து அனுப்பிவைத்தது. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட இந்தியத் தபால்தலையின் குறுக்கே ‘பர்மா’ என்று ஒரு சொல் ஏறியது. இரு நாட்டு வியாபாரமும் மூன்று ஆண்டுகளுக்குப் பழையபடியே நடக்க உத்தரவு போட்டார்கள். கப்பல் போயிற்று, வந்தது. கொண்டுவிற்கப் போகும் முதலாளிக்கும், மூன்று வருஷக் கணக்குக்குப் போகும் ஏஜெண்டுக்கும், பெட்டியடிப் பையனுக்கும் பாஸ்போர்ட் என்ற வார்த்தையே தெரிய வேண்டியிருக்கவில்லை. பிரிவினைக்கு இரண்டு மாதம்கூட இல்லாத 1937 பிப்ரவரி 10இல், எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார் என்றால், அனுபவமும் தூரதிருஷ்டியும் மிக்கவர்களுக்கேகூட வரப்போகும் நாள் எவ்வளவு சாதாரணமாகத் தோன்றியிருக்க வேண்டும்! இந்திய சர்க்காருக்குப் பர்மா சர்க்கார் தரவேண்டிய கடனைப் பைசா பாக்கியில்லாமல் நிர்ணயம் செய்ய, ஆமெரி தலைமையில் ஒரு நடுவர் குழு 1935இலேயே உட்கார்ந்து எழுந்தது. சர்க்காருக்குச் சர்க்கார் தரவேண்டியதைப் பார்க்க ஆள் இருந்தது; மனிதனுக்கு மனிதன் தரவேண்டியதைப் பார்க்க ஆள் இல்லை.

மாறியது ஒன்றே ஒன்றுதான். மார்ச் 31ஆம் தேதி ராத்திரி படுத்த இந்தியன், விடிந்தபோது அந்நியனாக எழுந்தான். அந்நியன் என்பதற்குச் சட்டத்தில் உடனே பெரிய அர்த்தம் ஒன்றும் இருக்கவில்லை. அர்த்தம் பின்னால் வருஷா வருஷம் ஊறி நிரம்பிற்று. 1938 ஜூலையில் ரங்கூனில் கலவரம் மூண்டு, முக்கியமாக இந்திய முஸ்லிம்களைத் தாக்கியது. 1939க்கும் 1941க்கும் இடையில் குத்தகை, நில உரிமை மாற்றம், நிலக் கொள்முதல் என்று சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பர்மியக் குடியானவன் கோணத்தில் நின்று பார்த்தால் அவை குறைசொல்லத் தக்கவை அல்ல. 1941 ஜூலையில் குடியேற்ற உடன்பாடு. அனுமதிச் சீட்டில்லாமல் அக்கரைக்குப் போக முடியாது. அதே ஆண்டு டிசம்பர் 23இல் ரங்கூன்மேல் ஜப்பானியர் குண்டு விழ, நாலு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே தாயகம் திரும்ப, வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள்.

யுத்தந்தானே எல்லாவற்றையும் கெடுத்தது, பிரிவினையின்மேல் ஏன் பழி போடுகிறீர் என்று கேட்கலாம். யுத்தத்தால் கெட்டவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்கள் தத்தம் சர்க்காரிடம் போய் நின்றார்கள். ரங்கூனில் சொத்து வைத்திருந்த செட்டியார் எந்த வாசலில் நிற்பது? 1937க்கு முன் அவர் குறையை டில்லிச் சட்டசபையில் ஓர் அங்கத்தினர் கேள்வியாகக் கேட்கலாம், சர்க்கார் பதில் சொல்லியே ஆகவேண்டும். பின்னாலோ அதே குறை இரண்டு தேசங்களின் நட்பு என்ற தராசில் ஏறிவிட்டது. சுதந்திர இந்தியாவுக்குப் பர்மாவின் அரிசி வேண்டியிருந்தது. நேருவுக்குப் பர்மியப் பிரதமர் ஊ நுவின் சிநேகம் வேண்டியிருந்தது. மறுதட்டில் கிடந்தது செட்டிநாட்டு ஊர்களின் வட்டிப் பணம். தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுமா? 1948இல் நிலம் தேசியமயம். 1962 மார்ச்சில் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தபின், 1963இல் வங்கிகள், 1964இல் கடைகள். அந்த ஆண்டே ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளும் செல்லாமல் போயின. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறிய லட்சத்துக்கு மேற்பட்டவர்களில், வட்டிக்கடை கண்டறியாத கூலிக்காரரும் தையல்காரரும் பலகாரக் கடைக்காரருமே மிகுதி. சென்னையின் பர்மா பஜார் அவர்கள் எழுப்பியது.

நம்மவர் பிசகையும் மறைக்கலாகாது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் திரும்புவது, பெண்டு பிள்ளைகளை இங்கேயே வைத்துவிட்டுப் போவது, லாபத்தை இங்கே கொண்டுவந்து இத்தாலியச் சலவைக்கல்லாக வளவில் பதிப்பது என்று வாழ்ந்த சமூகம், 1948இல் பர்மியக் குடியுரிமைக்கு மனுப்போட வழி திறந்தபோதும் பெரும்பாலும் வாளாவிருந்துவிட்டது. இதிலும் புதுக்கோட்டைச் செட்டியார் நிலை ஒரு படி வேடிக்கையானது. அவர் அசல் பிரிட்டிஷ் இந்தியப் பிரஜைகூட அல்லர். தொண்டைமான் சமஸ்தானத்துப் பிரஜை. 1948 ஜனவரி 4இல் பர்மா சுதந்திர நாடாயிற்று. இரண்டே மாதத்தில், மார்ச் 3இல், புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. அக்கரைக் கயிறு அறுந்த சூட்டிலேயே இக்கரைக் கயிற்றில் முடிச்சு விழுந்தது. பிரகதாம்பாள் உருவம் பொறித்த அம்மன் காசு போயிற்று. தனி அரசு என்ற கௌரவம் போயிற்று. திருச்சி ஜில்லாவின் ஒரு மூலையாகக் கிடந்து, 1974 ஜனவரி 14இல்தான் தனி மாவட்டமாக நிமிர முடிந்தது. அரண்மனையில் இப்போது கலெக்டர் உட்கார்ந்திருக்கிறார். இழந்தவை கொஞ்சமல்ல. ஆயினும் அந்த மார்ச் 3க்குப் பிறகு திருச்சியில் கடை வைத்திருந்த ஒரு புதுக்கோட்டைக்காரனும் அங்கே அந்நியனாகிவிடவில்லை; கீரனூரில் நிலம் வாங்கிய தஞ்சாவூர்க்காரனின் பத்திரமும் வெறும் காகிதமாகிவிடவில்லை.

இடையே ஒரு விநோதம். விலகும் உரிமையை எழுதிக் கேட்டு வாங்க முடியாத பர்மா, 1947இல் தன் அரசியல் சாசனத்தை எழுதியபோது, பத்து ஆண்டுக்குப் பின் பிரிந்துபோகும் உரிமையை ஷான், கரென்னி ராஜ்யங்களுக்குத் தானே எழுதிக் கொடுத்தது. அதை அவர்கள் பிரயோகித்துவிடுவார்களோ என்ற பயமும் 1962இல் பட்டாளம் ஆட்சியைப் பறித்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நம் பக்கத்திலோ பிரிவினை கோருவதைத் தடுக்க 1963இல் அரசியல் சட்டத்தின் 16ஆவது திருத்தம் வந்தபோது, அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார்.

பிரிவது எப்போதும் தவறென்று நான் வாதிக்க வரவில்லை. பர்மா பிரிந்தது நியாயமே. என் முறையீடெல்லாம், பிரிவினையின் விளைவை எடைபோடுகிறவர்கள் வைக்கும் எடைக்கல்லைப் பற்றியது. நாணய ஏற்பாடும் சுங்க ஏற்பாடும் மூன்று வருஷமோ ஐந்து வருஷமோ கெடு வைத்து எழுதப்படுகின்றன. கெடு தீர்ந்ததும் வேறு எழுதிக்கொள்ளலாம். அக்கரையில் வீடும் வேலையும் கடனும் உறவும் உள்ளவன் யாருடைய பிரஜை, அவன் வழக்கை எந்த நீதிஸ்தலம் கேட்கும் என்பதற்குக் கெடு வைக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில், ஆயிரம் குளறுபடி செய்த பிரிட்டனையும் கொஞ்சம் மெச்சத்தான் வேண்டும்: விலகல் உடன்படிக்கையிலேயே, அங்கு ஏற்கெனவே வாழ்ந்துவந்த ஐரோப்பியர்கள் தொடர்ந்து தங்கும் உரிமையை எழுதிவைத்தார்கள், ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதைப் பதிந்துகொண்டார்கள். 1937இல் அப்படி ஓர் ஏடு எழுதப்பட்டிருந்தால், நிலத்துக்கு நியாயமான ஈடு நிர்ணயிக்க இரு நாட்டுப் பொது நீதிமன்றம் ஒன்று அமைந்திருந்தால், பர்மியக் குடியானவனுக்கும் நிலம் கிடைத்திருக்கும், நம்மவருக்கும் முதல் தொகையாவது திரும்பியிருக்கும்.

ஆச்சியின் பெட்டியில் அடியில் ஓர் உறையும் இருந்தது. 1937 சித்திரையில் ரங்கூனிலிருந்து போட்ட கடிதம். ஜார்ஜ் மன்னர் நெற்றிக்கு மேல் ‘பர்மா’ என்று அச்சு. காரைக்குடியிலிருந்து பழைய சாமான் வாங்க வந்த ஒருவர் அந்த உறைக்கு நல்ல விலை சொன்னாராம். பத்திரக் கட்டையும் அவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதே மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.