எண்ணாகத் தெரிவதெல்லாம் எண்ணல்ல!

ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ரயில் டிக்கெட், பள்ளி அட்மிஷன், பென்ஷன்... எல்லாமே இப்போது போனில் திறக்கும் ஒரு படிவம்தான். கட்டங்களை நிரப்பி 'சப்மிட்' அழுத்தினால் வேலை முடிந்தது. ஆனால், கட்டத்துக்குள் தட்டிய தகவல் மறுபக்கம் அப்படியே போய்ச் சேருகிறதா? எப்போதும் அப்படி நடப்பதில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஹேக்கரோ வைரஸோ அல்ல, தவறான பாத்திரம்!

இணையப் படிவத்தின் கட்டத்தில் எதைத் தட்டினாலும், சர்வருக்கு அது முதலில் வெறும் எழுத்து வரிசையாகத்தான் போகும். அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பாத்திரத்தை புரோகிராமர் முன்பே ஒதுக்கியிருப்பார். எழுத்துக்கு ஒன்று, முழு எண்ணுக்கு ஒன்று, தேதிக்கு ஒன்று. இந்த வகைப்பாட்டின் பெயர்தான் 'டேட்டா டைப்'. எண்ணெய் ஊற்றும் தூக்கில் மாவைக் கொட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கேயும்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. 'செல்போன் நம்பர்' என்று பெயரிலேயே நம்பர் இருக்கிறதே என்று அதை எண் பாத்திரத்தில் போடுவது. ஜாவா போன்ற மொழிகளில் வழக்கமாகப் பயன்படும் 'இன்ட்' பாத்திரம் கொள்ளும் அதிகபட்ச எண் 2,14,74,83,647. அதாவது, சுமார் 214 கோடி. இந்திய செல்போன் எண்கள் 6, 7, 8, 9-ல் தொடங்கும் 10 இலக்கங்கள். எண்ணாகப் படித்தால் எல்லாமே 600 கோடிக்கு மேல். ஆக, ஒரு செல்போன் எண்கூட அந்தப் பாத்திரத்தில் அடங்காது!

அடங்காமல் போனால்கூட நல்லது. உடனே பிழைச் செய்தி வந்துவிடும். சத்தமில்லாமல் மாறிப்போவதுதான் ஆபத்து. வங்கிக் கணக்கு எண் 0-வில் தொடங்கினால், எண் பாத்திரம் அந்த 0-வை விழுங்கிவிடும். கணக்கில் 007-ம் 7-ம் ஒன்றுதான். வங்கியில் அப்படி இல்லையே! தமிழ்நாட்டு பின்கோடுகள் 6-ல் தொடங்குவதால் இந்தத் தவறு இங்கே கண்ணில் படாது. அதே படிவத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர முகவரியைத் தட்டினால், 02108 என்ற அஞ்சல் குறியீடு 2108 ஆகிவிடும்.

நீளமான எண்களுக்கு இன்னொரு சிக்கல். பிரௌசருக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி, வழக்கமான எண் வகையில் 9,007,199,254,740,991 வரைதான் பிசகாமல் காக்கும். அதன் கடைசி இலக்கத்தை 3 ஆக்கிக் கொடுத்தால், 2 என்று திருப்பித் தரும். ட்விட்டர் 2010-ல் தன் பதிவு எண்களை நீளமாக்கியபோது, இதே காரணத்துக்காகத்தான் அவற்றை எழுத்து வடிவத்திலும் சேர்த்துத் தரத் தொடங்கியது.

அப்படியானால் எதை எண்ணாக வைப்பது, எதை எழுத்தாக வைப்பது? எளிய சோதனை ஒன்று போதும்: 'இதைக் கூட்டினால் அர்த்தம் வருமா?' இரண்டு பேரின் சம்பளத்தைக் கூட்டலாம்; குடும்ப வருமானம் கிடைக்கும். இரண்டு பேரின் ஆதார் எண்ணைக் கூட்டி என்ன செய்வது? கூட்டிப் பயனில்லாத எல்லாமே, இலக்கங்களால் ஆன பெயர்கள். அவற்றுக்கு எழுத்துப் பாத்திரமே சரி.

சரி, கூட்டக்கூடியவற்றில் பிரச்னையே இல்லையா? உண்டு. 'ஆண்டு வருமானம்' கட்டத்தை ஒருவர் காலியாக விடுகிறார். 'இன்ட்' பாத்திரத்துக்குக் காலியாக இருக்கத் தெரியாது. கவனிக்காமல் விட்டால் அங்கே 0 உட்கார்ந்துகொள்ளும். 'பதில் சொல்லவில்லை' என்பது 'வருமானமே இல்லை' என்று மாறிவிடுகிறது. உதவித்தொகை யாருக்கு என்பதை அந்தக் கட்டம்தான் முடிவு செய்கிறது என்றால், இது சின்னத் தவறா?

'1,50,000' என்று காற்புள்ளியோடு தட்டினால் சில படிவங்கள் முரண்டு பிடிப்பதற்கும் காரணம் இதுவே. முதலில் எழுத்தாக வாங்கி, காற்புள்ளியை நீக்கி, சரிபார்த்து, பிறகு எண்ணாக மாற்றுவதுதான் நல்ல படிவத்துக்கு அழகு. தவறு இருந்தாலும் தட்டியது அழியாமல் அங்கேயே இருக்கும்; திருத்துவது எளிது.

பிறந்த தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. அதை நேரத்தோடு சேர்த்து வைத்தால், இந்தியாவில் ஜூன் 15 நள்ளிரவு 12 மணி என்பது உலகப் பொது நேரத்தில் ஜூன் 14 மாலை 6.30. அந்தப் பொது நேரத்திலிருந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், குழந்தை ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிடும்! பிறந்த தேதிக்கு நேரம் இல்லாத, தேதி மட்டும் கொள்ளும் பாத்திரமே வேண்டும்.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது புரோகிராமரின் வேலை. படிவம் நிரப்புகிறவர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இறுதியாக அனுப்புவதற்கு முன் வரும் 'ப்ரிவியூ' பக்கத்தை அவசரமாகத் தள்ளிவிடாதீர்கள். கணக்கு எண்ணின் முதல் 0 இருக்கிறதா, கடைசி இலக்கம் சரியா, பிறந்த தேதி ஒரு நாள் நகர்ந்திருக்கிறதா, காலியாக விட்ட இடத்தில் 0 முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். நாளை தவறு வெளிப்பட்டால், நீங்கள் அனுப்பும்போது அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.