அவர்கள் செய்யட்டும், நாம் பொறுத்திருப்போம்

சென்ற வருடம் ஒரு நாள், என் உம்மா தனியாக ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடிக்க 35 நிமிடங்கள் எடுத்தார். அந்த 35 நிமிடங்களும் நான் ஒன்றும் செய்யாமல் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் அவருக்குச் செய்த எல்லா உதவிகளிலும் அதுவே பெரிய உதவி. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஐந்து மாதங்கள் சென்றன.

மழை நாளொன்றில் உம்மா வந்த முச்சக்கரவண்டி புரண்டது. தலையில் பலத்த அடி. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பிறகு வார்ட்டிலும் பல நாட்கள் இருந்து வீடு வந்தார். காயம் ஆறியிருந்தது, கைகால்கள் இயங்கின. பார்க்க வந்தவர்கள் "அல்ஹம்துலில்லாஹ், பழையபடி ஆகிட்டாங்க" என்று சொல்லிச் சென்றார்கள். உண்மையில் கஷ்டம் அதன் பிறகுதான் தொடங்கியது.

கை முறிந்தால் கட்டு இருக்கும். எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். மூளையில் பட்ட காயம் வெளியே தெரியாது. உம்மாவுக்குக் கறியில் உப்புப் போட்டோமா என்பது நினைவிருக்காது. தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டே அதன் பெயரைத் தேடுவார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார். பத்து நிமிடம் தொலைபேசியில் பேசினால் ஒரு மணித்தியாலம் படுக்க வேண்டும். சில நேரம் காரணமில்லாத கோபம் வரும். இதைச் சிலர் சோம்பல் என்றார்கள். சிலர் குணம் கெட்டுவிட்டது என்றார்கள்.

இரண்டும் இல்லை. ஒரு வேலையைத் திட்டமிடுவது, முன்பின் வரிசையாகச் செய்வது, கோபத்தை அடக்குவது எல்லாம் மூளையின் முன்பகுதியோடு தொடர்புடையவை. பிளேன்டீ ஊற்றுவதில் பத்துப் படிகளாவது இருக்கின்றன. நமக்கு அவை தன்னால் நடக்கின்றன. காயமடைந்த மூளையோ ஒவ்வொரு படியையும் யோசித்துச் செய்ய வேண்டும். அதனால்தான் அந்தக் களைப்பு.

நாங்கள் என்ன செய்தோம்? சமையலறையை மாமி பொறுப்பெடுத்தார். பணப்பையை வாப்பா வைத்துக்கொண்டார். உம்மா தொடங்கும் வசனத்தை நான் முடித்து வைத்தேன். "நீங்க இருங்க உம்மா, நான் செய்றன்" என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லியிருப்பேன். அதில் பாதி அன்பு என்பது உண்மை. மறுபாதி அவசரம். எனக்கு டியூஷனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு நாள் உம்மா சமையலறை வாசலில் நின்று, "மகள், நான் கொஞ்சம் தேத்தண்ணி ஊத்திக்கட்டுமா?" என்று கேட்டார். தன் சொந்த அடுப்படியில் அனுமதி கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது விபத்து மட்டுமல்ல, நாங்களும்தான்.

அடுத்த கிளினிக்கில் தொழில்வழிச் சிகிச்சையாளர் உம்மாவிடம், இந்தக் கிழமை என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார். உம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சிகிச்சையாளர் என்னைக் கையமர்த்தினார். பிறகு எனக்கு விளக்கினார்: மூளை திரும்பத் திரும்பச் செய்துதான் மீண்டும் பழகும், மற்றவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பழகாது. ஒரே ஒரு வேலையில் தொடங்கச் சொன்னார். அதுதான் பிளேன்டீ. படிகளை எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டினோம். ஒரு சீஆர் கொப்பி உம்மாவின் நினைவுக் கொப்பியானது.

இரண்டாவது கிழமை உம்மா கேஸை அணைக்க மறந்தார். தண்ணீர் வற்றி, கேத்தல் கருகியது. "இனிப் போதும்" என்றார் மாமி. அவருடைய பயம் நியாயமானது. இங்கேதான் பல குடும்பங்கள் நின்றுவிடுகின்றன என்று நினைக்கிறேன். ஆனால் ஆபத்து எதில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் வழி பிறக்கும். எங்கள் வீட்டில் ஆபத்து நெருப்பில் இருந்தது, தேநீரில் அல்ல. தானாக அணையும் மின்சாரக் கேத்தலை வாங்கினோம். மருந்துக்கு ஏழு நாட்களுக்கும் ஏழு அறை கொண்ட பெட்டி. கடைக்கு மூன்று சாமான் எழுதிய துண்டும், கணக்காகக் கொஞ்சக் காசும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தோம். உம்மா வேலை செய்யும்போது தொலைக்காட்சி ஓடாது.

உயிரியல் பாடத்தில் பினியாஸ் கேஜ் என்பவரைப் பற்றி அறிந்தேன். 1848 இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை தகர்க்கும்போது, ஒரு மீற்றரிலும் நீளமான இரும்புக் கோல் அவரது தலையைத் துளைத்துச் சென்றது. உயிர் தப்பினார், ஆனால் குணம் மாறிவிட்டது என்பதோடு அந்தக் கதையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள். தேடி வாசித்தபோது, அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடங்கள் குதிரை வண்டி ஓட்டி உழைத்தார் என்று அறிந்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே ஒழுங்கில் நடந்த அந்த வேலை அவர் மீள்வதற்கு உதவியிருக்கலாம் என அவரது வாழ்க்கையை ஆராய்ந்தவர் கருதுகிறார். யாரோ அவரிடம் கடிவாளத்தை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று மறந்துபோவதுதான் உம்மாவை அதிகம் அழவைத்தது. நம் மார்க்கத்தில் அதற்கும் வழி இருக்கிறது. சந்தேகம் வந்தால் உறுதியான குறைந்த எண்ணிக்கையை வைத்துத் தொடர்ந்து, முடிவில் மறதிக்கான இரண்டு ஸுஜூதுகள் செய்யலாம். மறந்தவர் விலக்கப்படுவதில்லை, தொடர்ந்து செய்ய ஒரு முறை கற்றுக்கொடுக்கப்படுகிறது. வீட்டில் நாம் மட்டும் ஏன் மறந்தவரின் கையிலிருந்து கரண்டியைப் பறிக்கிறோம்?

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உம்மா இன்னும் தனியே பஸ்ஸில் போவதில்லை. மாதக் கணக்கை வாப்பாவோடு சேர்ந்தே பார்க்கிறார். ஆனால் இன்று என்ன கறி என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். எதற்கு உதவி வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார். சுதந்திரம் என்றால் எல்லாவற்றையும் தனியாகச் செய்வது என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

இப்படி ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், பார்க்கப் போகும்போது "என்னை ஞாபகம் இருக்கா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஒருவர் மாறி ஒருவர் பேசுங்கள். அவர் சொல்லைத் தேடும்போது மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்; பெரும்பாலும் ஏழில் வந்துவிடும்.

போன கிழமை நான் படித்துக்கொண்டிருந்தபோது உம்மா பிளேன்டீ கொண்டுவந்தார். சீனி இரண்டு தடவை விழுந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை. தன்னுடையதைக் குடித்துப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். உடனே கொப்பியை எடுத்து, "சீனி போட்டதும் கரண்டியைக் கழுவப் போட வேண்டும்" என்று எழுதினார். அந்தப் படி சிகிச்சையாளர் தந்த பட்டியலில் இல்லை. உம்மாவே யோசித்தது.