எலிக்குக் குணமானா நமக்கும் குணமாகுமா?

வெள்ளை அணு ஒன்று புற்றுநோய் செல்லை அப்படியே விழுங்குற வீடியோ வாட்ஸ்அப்ல வரும். கீழே 'கேன்சருக்கு மருந்து ரெடி'ன்னு ஒரு வரி. ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேளுங்க மக்களே: இது நடந்தது எந்த உடம்புல?

விழுங்குறது உண்மைதான். 1882-ல் இத்தாலியின் மெசினா கடற்கரையில், கண்ணாடி மாதிரி இருந்த நட்சத்திர மீன் குஞ்சுக்குள் முள்ளைக் குத்திப் பார்த்தார் மெக்னிகாஃப். செல்கள் ஓடிவந்து முள்ளைச் சூழ்ந்தன. 1908-ல் நோபல் பரிசும் கிடைத்தது. நம்ம உடம்புல அந்த வேலையைச் செய்றது மேக்ரோஃபேஜ் செல்கள்.

புற்றுநோய் செல் அதுகிட்ட இருந்து எப்படித் தப்புது? சிடி47 என்ற புரதத்தை மேல்பரப்பில் நிறைய வைத்துக்கொள்ளும். 'என்னைத் தின்னாதே' என்பதற்கான சிக்னல் அது. 2010-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அந்த சிக்னலை மறைக்கும் ஆன்டிபாடியை, ரிட்டுக்சிமாப் மருந்தோடு சேர்த்து, மனித லிம்போமா வளர்த்த எலிகளுக்குக் கொடுத்தாங்க. பல எலிகளில் நோயே மறைந்தது.

அதே வழியில் வந்த மாக்ரோலிமாப் மருந்தை, வேறு சில ரத்தப் புற்றுநோய்களுக்காக மனிதர்களிடம் பெரிய அளவில் சோதித்தாங்க. எதிர்பார்த்த பலன் இல்லை. 2023, 2024-ல் அந்தச் சோதனைகள் நிறுத்தப்பட்டன.

எலி காட்டாமல் விட்டது என்ன? மனிதக் கட்டி எலிக்குள் வளரணும்னா, எலியோட நோய் எதிர்ப்புச் சக்தியை முதலில் முடக்கணும். மனித சிடி47-ஐ மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி எலியோட ரத்த அணுக்களைத் தொடாது. நம்ம சிவப்பணுக்களிலோ அதே சிடி47 இருக்கு. அதனால் ரத்தசோகை வரும். ஒர்க்‌ஷாப்பில் ஓடின எஞ்சின் கடல்ல திணறுறது இனயத்துக்காரங்களுக்குத் தெரியாததா?

எலிச் சோதனை வேண்டாம்னு சொல்லல. அது முதல் படி; கடைசிப் படி இல்ல.

குமரிக் கடற்கரையில இருந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போற குடும்பங்கள் நிறைய. இனயத்தில் அப்படி ஒரு வீட்டுக்கு நீங்க அனுப்புற வீடியோ, 'கீமோவை நிறுத்திட்டு இதுக்குக் காத்திருப்போமா'ன்னு யோசிக்க வைக்கலாம். வீட்டுல படிச்ச பிள்ளை அனுப்பினதுன்னா நம்பத்தான் செய்வாங்க. அதனால எலியா மனிதரா, எத்தனை பேருக்குக் கொடுத்தாங்கன்னு பாருங்க. பதில் கிடைக்கலன்னா, அது உங்க போனோடவே நிக்கட்டும்.