கப்சாய் மூடியில் எண்ணெய் கசிகிறதா?

அப்பா காலத்து ஹோண்டா வண்டியை விற்க மனமில்லாமல் வைத்திருக்கும் வீடுகள் கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா பக்கம் இன்றும் உண்டு. ஹோண்டா சூப்பர் கப் 1958-ல் வெளிவந்தது. பினாங்கின் லோ பூன் சியூ அந்த ஆண்டுகளில்தான் ஹோண்டா வண்டிகளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். பால் வாளியும் பள்ளிப் பிள்ளையும் சுமந்த வண்டி அது. 2017-ல் உலகெங்கும் செய்யப்பட்ட கப் வண்டிகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டியது.

இப்படிப்பட்ட பழைய சி70-ல் வலப்புற மூடியோரம் எண்ணெய் கசிந்தால் நம்மவர் முதலில் செய்வது, திருகை இன்னும் இறுக்குவது. அதைத்தான் செய்யக்கூடாது! நடுவிலுள்ள காகித பேக்கிங் சூட்டில் காய்ந்து விறைத்துப் போயிருக்கும். இறுக்கினால் அது சரியாகாது. அலுமினிய மரைதான் கழன்றுவிடும். பேக்கிங் சில வெள்ளிதான். மரை போனால் செலவு பெரிது.

முதலில் எண்ணெயை வடித்துவிடுங்கள். பிறகு புகைக்குழாய், கால் மிதி, உதைகோல் ஆகியவற்றைக் கழற்றுங்கள். மூடித் திருகுகள் எல்லாம் ஒரே நீளமில்லை. ஓர் அட்டையில் மூடியின் உருவை வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். மூடி வர மறுத்தால் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். திருப்புளியை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்தக் கீறல் ஆயுளுக்கும் கசியும். மூடி வரும்போது கிளட்ச் நடுவிலுள்ள ஸ்பிரிங்கும் உருண்டைக் கூண்டும் கீழே விழலாம், கவனம்.

ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கைப் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். அரை மணி நேரம் போனாலும் போகட்டும். கத்தி வேண்டாம், தட்டையாகச் சீவிய மூங்கில் துண்டே போதும். உள்ளே அடியில் எண்ணெய் வடிகட்டும் வலையொன்று இருக்கும். அதையும் உருவி மண்ணெண்ணெயில் கழுவிவிடுங்கள். மூடியை நிலைநிறுத்தும் இரண்டு குட்டிக் குழாய்கள் தம் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சிலர் புது பேக்கிங்கின் மேல் சிலிக்கோன் பசையைத் தோசைமாவு போல் அப்புவார்கள். பிதுங்கி உள்ளே விழும் பசை அந்த வலையை அடைக்கும். எண்ணெய் மேலே ஏறாது. முதலில் பழுதாவது தலைப்பகுதியிலுள்ள கேம் தண்டு. பரப்பு சுத்தமாக இருந்தால் பசையே வேண்டியதில்லை.

திருகுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சங் கொஞ்சமாக இறுக்குங்கள். குட்டைச் சாவி போதும். நீளச் சாவி கைக்குத் தேவையில்லாத பலம் கொடுக்கும்.

பிறகு கிளட்ச் சரிபார்க்க வேண்டும். மூடியின் நடுவிலுள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை வலப்பக்கம் ஒரு சுற்று விடுங்கள். அடுத்து, தடை தெரியும்வரை இடப்பக்கம் திருப்பி, அங்கிருந்து வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு சுற்றிப் பூட்டுங்கள். இதை மறந்தால் கியர் மாறும்போது வண்டி துள்ளும்.

புது பேக்கிங் போட்டும் கசிந்தால், காற்றுப் போக்குக் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடப்புறம் கசிந்தால் பெரும்பாலும் அது பேக்கிங் கோளாறல்ல, தண்டின் சீல் தேய்ந்ததுதான். அதைப் பட்டறையில் காட்டுவதே நல்லது.