அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை ஹரிஸ் பார்க் விக்ரம் ஸ்ட்ரீட்டில் தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தேன்.

“அம்மா, சின்ன வயசுல எனக்குக் கவனம் எப்படி இருந்துச்சு?”

“உனக்கென்னடி குறைச்சல்? நல்லாத்தான் இருந்தே.” அதோடு பேச்சு முடிந்தது.

கேட்டதற்குக் காரணம் உண்டு. போன வருஷம் என் 8 வயசுப் பையனுக்கு ஏ.டி.எச்.டி. என்று குழந்தை மருத்துவர் சொன்னார். அவனுக்காகப் படிவம் நிரப்பும்போது, பாதிக் கேள்விகள் என்னைப் பற்றியே இருந்த மாதிரி தோன்றியது. ஆபீஸில் ஒரு பக் பிடித்துப்போனால் சாப்பாடு மறந்து ஆறு மணி நேரம் உட்காருவேன். டைம்ஷீட்டை மட்டும் மூணு வாரமாகத் தொட மாட்டேன். இரட்டையர் ஆய்வுகள் இதில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல் என்கின்றன. பிள்ளைக்குப் பிறகு பெற்றோர் பரிசோதனைக்குப் போவது இதனால்தான் சகஜமாகிவிட்டது.

ஜி.பி. கடிதம் கொடுத்தார். மனநல மருத்துவரைப் பார்க்க ஐந்து மாசக் காத்திருப்பு, ஆயிரம் டாலருக்கு மேல் செலவு. இந்தக் காத்திருப்பையும் செலவையும் பற்றி ஆஸ்திரேலிய செனட் குழு ஒன்று விசாரித்து, 2023 நவம்பரில் 15 பரிந்துரைகள் கொடுத்தது. 2025 மே மாசம் நம்ம நியூ சவுத் வேல்ஸ் அரசு, பயிற்சி பெற்ற ஜி.பி.க்கள் இந்த மருந்தைத் தொடர்ந்து எழுதித் தரலாம், அவர்களில் சிலர் பிறகு டயக்னோசிஸும் செய்யலாம் என்று அறிவித்தது.

“இனி எல்லாருக்கும் ஏ.டி.எச்.டி.தான்” என்று சிலர் சிரிக்கிறார்கள். “இத்தனை வருஷம் எங்களை யாரும் கண்டுக்கல” என்று வேறு சிலர், முக்கியமாகப் பெண்கள், கோபப்படுகிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. 38 வயதில் அவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் தெரிந்தன. ஆனால் அந்த 3 சதவீதத்தில் பத்தில் ஒன்பது பேருக்குச் சிறு வயதில் அது இருந்ததாகப் பதிவு இல்லை என்று 2015இல் எழுதினார்கள். அப்படியென்றால் பெரியவர்களுக்கு வருவது வேறு ஏதோவா? 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இப்படித் தாமதமாக வந்ததாகத் தோன்றியவர்களைத் துருவிப் பார்த்தபோது, பெரும்பாலானோருக்கு வேறு காரணம் இருந்தது அல்லது பாதிப்பு அவ்வளவு இல்லை என்றது. தூக்கக் குறைவு, பதற்றம், தைராய்டு எல்லாமே கவனத்தைக் கலைக்கும்.

அதனால்தான் 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 விதி, 12 வயசுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும் என்கிறது. கிளினிக்கிலும் இரண்டு விஷயம் கேட்டார்கள்: பிரைமரி ஸ்கூல் ரிப்போர்ட், சின்ன வயதில் என்னைத் தெரிந்த ஒருவர் நிரப்பிய படிவம்.

அந்த ஒருவர் அம்மாதான். இங்கேதான் நம்ம வீட்டுப் பிரச்சினை. “கவனக் குறைபாடு இருந்துச்சா?” என்று கேட்டால் அம்மா காதில் அது “என்னைச் சரியா வளர்த்தியா?” என்று விழுகிறது. காரில் வரும்போது கேட்டேவிட்டார், “என் வளர்ப்பு சரியில்லைன்னு எழுதப்போறாங்களா?”

நான் கேள்வியை மாற்றினேன். “ஸ்கூல்ல எத்தனை லன்ச் பாக்ஸ் தொலைச்சேன்மா?”

அம்மா சிரித்துவிட்டார். “இயர் த்ரீயில மட்டும் பதினொண்ணு. அப்புறம் ஐஸ்கிரீம் டப்பாவுலதானே கட்டிக் கொடுத்தேன்!”

அதற்குப் பிறகு தானாகவே வந்தது. அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். அம்மா தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து ஹோம்வொர்க் முடிக்க வைத்தார், பையை அடுக்கினார், கதவில் பட்டியல் ஒட்டினார். வகுப்பில் நான் ஓடவில்லை, சத்தம் போடவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்க் வந்தது, யாரும் கேட்கவில்லை. “நல்லாத்தான் இருந்தே” என்று அம்மா சொன்னது பொய் இல்லை. என்னை நல்லா வைத்திருந்தது அவர்தான். அதை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வீட்டுக்குப் போனதும் பழைய சூட்கேஸைத் திறந்து ரிப்போர்ட்டுகளை எடுத்துக் கொடுத்தார். நாலு வருஷம், நாலு டீச்சர், ஒரே வரி: கெட்டிக்காரி, ஆனால் கவனிப்பதில்லை.

நீங்களும் இந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்றால், அம்மா அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். தொலைத்த பொருள், பாதியில் விட்ட பாட்டு கிளாஸ், காலையில் கிளம்பிய விதம் என்று கேளுங்கள். பதிலைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒன்றும் இல்லை என்று தெரியவந்தால் அதுவும் பதில்தான். உங்கள் பிள்ளைகளின் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

எனக்கு டாக்டர் என்ன சொல்வார் என்று அடுத்த மாசம் தெரியும். படிவத்தை அம்மா தமிழில் சொல்லச் சொல்ல அண்ணன் நிரப்புகிறான். என்னிடம் கொடுத்தால் முடியாது என்று அம்மாவுக்குத் தெரியும்.