தீவுக்குப் போகும் பாய்மரம்: சுக்கான் யார் கையிலே?

ஜவ்வாது மலையிலே, ஜமுனாமரத்தூரிலே, கோலப்பன் ஏரி என்றோர் ஏரி உண்டு. கோடை விழா நாட்களிலே அங்கே படகு ஏற வரிசை நிற்கும். சமவெளியிலிருந்து வருவோர் காலால் மிதித்தோட்டும் படகில் ஒரு சுற்றுச் சுற்றுவர், படம் பிடித்துக்கொள்வர், தேனும் சாமையும் வாங்கிக்கொண்டு இறங்குவர். கையிலே காசு தாராளமாக உள்ளவர்கள் அன்றே இறங்குவதில்லை. கூடாரம் அடித்து, தீ மூட்டி, நட்சத்திரம் எண்ணித் தங்குகிறார்கள். எண்ணட்டும்! இருண்டு தெளிந்த வானம் இந்த மலைக்கு வாய்த்த சொத்து. வைணு பாப்பு வானாய்வகம் காவலூருக்கு வந்ததும் அதனாலேதான்.

அந்த ஏரிக்கரையிலே ஒரு மலைவாழ் இளைஞர் என்னிடம் கேட்டார்: "தோழர், கடல் பக்கம் சின்னப் பாய்மரப் படகை வாடகைக்கு விட்டு, தீவுல கூடாரம் போட்டுத் தங்க வைக்கிறாங்களாமே. அந்த மாதிரி இங்கேயும் வந்தா எங்களுக்கு வேலை கிடைக்குமா?"

வேலை கிடைக்குமா என்றுதான் கேட்டார், தோழர்களே! அந்தத் தொழில் எங்களுடையதாகுமா என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதே இன்று நாம் பேசவேண்டிய செய்தி.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாளை மறந்திருக்க மாட்டீர்கள். ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டிலே தமிழ்நாட்டுத் தொழிலாளர் இருபது பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். மாண்டோரில் இந்த ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். மரத்தை வெட்டியவன் மார்பிலே குண்டு. வெட்டச் சொல்லிக் காசு கொடுத்தவன், வாங்கிக் கப்பலேற்றியவன், அவன் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள்? கூலிக்காகக் காடு தாண்டிப் போகும் நிலையிலே உள்ள மலையிலிருந்து வந்த கேள்வி அது. ஆகவே சிரித்துத் தள்ளக்கூடியதல்ல.

மலைக்கும் கடலுக்கும் என்ன உறவு என்பீர். இந்த மலையிலே பிறக்கும் செய்யாறு பாலாற்றிலே கலந்து, சதுரங்கப்பட்டினத்தருகே கடலிலே சேருகிறது. தண்ணீர் போகும் வழியிலே நாமும் போய்ப் பார்ப்போம்; கடலோரத்தான் பட்ட பாடு மலைக்காரனுக்குப் பாடமாகும்.

சிறு பாய்மரப் படகிலே தீவு தீவாகச் சென்று தங்குவது உலகிலே புதுமையன்று. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரையோரத்திலே 1988 முதல் இதற்கென்றே ஒரு தீவுத்தடம் இருக்கிறது. வருவோர் கூடாரமிட்டுத் தங்குகிறார்கள், குப்பையைத் தாமே சுமந்து திரும்புகிறார்கள், சங்கத்துத் தொண்டர்கள் தீவுகளைத் துப்புரவு செய்கிறார்கள். சுவீடன் நாட்டிலோ, பிறர் வீட்டுக்கு இடையூறில்லாமல் கரையிலே ஓரிரவு கூடாரமிடுவது எல்லாருக்கும் உள்ள உரிமை. சீமானுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே கரை! மாலத்தீவின் கதை வேறு. 1972இல் அங்கே முதல் உல்லாச விடுதி திறந்தது. நெடுங்காலம் ஆளில்லாத் தீவுகள் விடுதி முதலாளிகளுக்கு, ஆள் வாழும் தீவுகள் வேலைக்காரர்களுக்கு என்று கடலையே பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். 2009க்குப் பிறகுதான் ஊர்த்தீவிலே குடிமக்கள் தம் வீட்டருகே விருந்தினர் விடுதி நடத்த வழி பிறந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த மக்கள் தங்கள் கடலிலேயே தட்டு ஏந்தி நின்றார்கள்.

நம் கடலுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவிலே இருபத்தொரு தீவுகள். 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் வந்தது. அவற்றிலே பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இன்று நீருக்கடியிலே. தூத்துக்குடிப் பக்கத்துக் காரியாச்சல்லி 1969இல் இருபது ஹெக்டேர் இருந்தது. இன்று சில ஹெக்டேராகத் தேய்ந்து நிற்கிறது. காரணம் பல. அவற்றிலே பெரியது, சுண்ணாம்புக்காகவும் தொழிற்சாலைக்காகவும் பல்லாண்டு பவளப்பாறையை உடைத்தெடுத்தது. தீவுக்கு அரணாக நின்று அலையை முறித்த பாறை அது. அரண் போனபின் மண் தங்குமா?

அந்தப் பாறையை உடைத்தவர் யார்? கடலோர ஏழைகள்தாம். மறைக்க வேண்டியதில்லை. உடைக்கச் சொன்னவன் கரையிலே இருந்தான். லாபம் அவனோடு போயிற்று. பாறை உடைத்தவன் கதையும் செம்மரம் வெட்டியவன் கதையும் ஒன்றேயன்றோ! பழி மட்டும் உழைத்த கைக்கு.

பழியோடு நிற்கவில்லை. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலிலே துணி சுற்றி, காலிலே ரப்பர்ச் செருப்பு மாட்டி, கண்ணிலே கண்ணாடியோடு மூச்சடக்கி முங்கும் பெண்கள். பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுப் பக்கம், பூங்கா வந்தபின் தடைப் பக்கமாயிற்று. அவர்கள் வெறுமனே அழுதுகொண்டிருக்கவில்லை; கூடிப் பேசி, மாதத்திலே சில நாட்களே பாசி எடுப்பது என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்தார்கள். அவர்களின் தலைவியான சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற உலகப் பரிசு வந்தது. பரிசு தந்த உலகுக்குத் தெரிந்தது, படகைப் பிடிக்கும் காவலருக்குத் தெரியவேண்டாமா?

இந்த நிலையிலே, அத்தீவுகளிலே பணக்கார விருந்தினருக்குக் கூடாரம் என்று எவரேனும் திட்டம் தீட்டினால் நம் விடை தெளிவானது: கூடாது! பாசி எடுக்கும் பெண்ணின் கால் பட்டால் பவளம் சாகும், விருந்தாளியின் கால் பட்டால் வாழும் என்ற விந்தை விஞ்ஞானம் எந்த ஏட்டிலும் இல்லை. கரைந்துகொண்டிருக்கும் தீவைக் காப்பதென்றால் அனைவரிடமிருந்தும் காக்கவேண்டும். அதை நம்பிப் பிழைப்போரைக் காவலுக்குத் துணையாக்க வேண்டும்.

அப்படியானால் பாய்மரத்தைச் சுருட்டிவிடுவதா? வேண்டாம். தீவு ஒன்றுதானா கடல்? தொண்டிப் பக்கத்திலே இன்றும் மீனவர்கள் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். எந்திரப் பள்ளிக்கூடம் கற்றுத்தராத கலை அது. வாடை வீசும்போது பாக் நீரிணை குமுறும், கச்சான் வீசும்போது மன்னார்க் கடல் குமுறும். ஒன்றைப் பெண் கடல் என்றும் மற்றதை ஆண் கடல் என்றும் அவர்கள் அழைப்பது சும்மாவா? விருந்தாளி எந்தத் திங்களிலே எந்தக் கடலிலே ஏறலாம் என்று சொல்ல அவனைவிடத் தகுதியானவன் எவன்? இராமநாதபுரம் காரங்காட்டிலே ஊராரும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுப் படகுச் சுற்றுலா நடத்துகிறார்கள். படகோட்டுவோர் ஊரார், சமைத்துப் போடுவோர் ஊர்ப் பெண்கள். கூடாரமும் அதுபோல மீனவர் குப்பத்தின் கரையிலே, குப்பத்தின் சங்கத்துக்குச் சொந்தமாக எழட்டும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நம்மவர் படகு என்பதற்காக நாம் கண்ணை மூடக்கூடாது. 2011 திசம்பர் 25 அன்று பழவேற்காட்டிலே ஏற்றத்தகாத அளவு ஆளேற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மிதவைச் சட்டை இல்லை. 2023 மே 7இல் கேரளத்துத் தானூரிலே மீண்டும் 22 உயிர். பழவேற்காட்டு விபத்துக்குப் பிறகு அங்கே சுற்றுலாப் படகுக்குத் தடை விழுந்தது. ஒழுங்காக ஓட்டியவன் வயிற்றிலும் அடித்தது. மிதவைச் சட்டை, ஆளெண்ணிக்கை, பயிற்சி, உரிமம், காப்பீடு, இவற்றைச் சங்கமே கேட்டு வாங்கவேண்டும். அதிகாரி வந்து பிடிக்கும்வரை காத்திருப்பது நமக்கு அழகல்ல.

மலைக்குத் திரும்புவோம். சுற்றுலாவைத் தொழிலாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2023இல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. தொழிலென்றால் முதலாளி உண்டு, தொழிலாளி உண்டு. ஜவ்வாது மலையிலே முதலாளி யாராவது என்பது இன்னும் முடிந்துபோன செய்தியல்ல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், தலைமுறையாகக் காத்துவரும் காட்டைக் காக்கவும் மேலாளவும் ஊராருக்கு உரிமை தருகிறது; கிராம சபைக்கு வாய் தருகிறது. அந்த வாய் திறந்தால்தான் கூடாரம் அடிக்க வருபவன் ஊரைக் கேட்டு அடிப்பான்.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தோழர், பத்துக் கூடாரம் வாங்க எங்களுக்கு யார் கடன் கொடுப்பாங்க?" என்றார். பாருங்கள், கேள்வி மாறிவிட்டது! மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கம் எதற்கு இருக்கிறது என்றேன். மனு எழுதுவோம் என்றார். அடுத்த கிராம சபை நாளுக்குள் அந்த மனுவும், கூடாரத் தொழிலில் ஊருக்கு முதலுரிமை கோரும் தீர்மானமும் ஆயத்தமாக வேண்டும். மலையிலுள்ள கிளைத் தோழர்கள் இந்த வாரமே ஏரிக்கரைக்குப் போய் அவரோடு உட்காருங்கள்.